மொஹீனேர் கோராகுலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொஹீனேர் கோராகுலி கொல்கத்தாவில் 1970களின் நடுவில் தொடங்கி 1981இல் கலைந்துபோன ஒரு ராக் குழு. தமிழ் நண்பர்களிடம் இவர்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகப் பதில் சொல்லாமல் ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வரும், சிக்கலானவை போகப்போக வரும்.

யாருங்க இவங்க? நான் கேள்விப்பட்டதே இல்லையே.

பெயர் தெரியாவிட்டாலும் ஒரு மெட்டாவது உங்கள் காதில் விழுந்திருக்கும். 2006இல் வந்த 'கேங்ஸ்டர்' என்ற இந்திப் படத்தின் 'பீகி பீகி' பாட்டு ஞாபகம் இருக்கிறதா? அந்த மெட்டு, மொஹீனேர் கோராகுலி என்ற பெயரில் 1995இல் வெளியான ஒரு வங்காளப் பாட்டிலிருந்து வந்தது. அந்தக் கதையைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

தென் கொல்கத்தாவின் நாக்தலாவில் கௌதம் சட்டோபாத்யாயின் வீட்டைச் சுற்றி உருவான குழு இது. ஏழு இளைஞர்கள். பாட்டைத் தாங்களே எழுதினார்கள், தாங்களே மெட்டுப் போட்டார்கள், தாங்களே வாசித்துப் பாடினார்கள். மூன்று சின்ன இசைத்தட்டுகள் போட்டார்கள், சில மேடைகள் ஏறினார்கள், பிறகு ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். இருந்த நாட்களில் இவர்களைக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். இன்று வங்காளத்தில் கிடார் எடுக்கும் பிள்ளைகளில் இவர்களுடைய பாட்டைத் தெரியாதவர்களைப் பார்ப்பது கடினம்.

பேருக்கு என்ன அர்த்தம்? வாயிலேயே நுழையல.

'மொஹீனின் குதிரைகள்' என்று பொருள். ஜீவனானந்த தாஸ் என்ற வங்காளக் கவிஞரின் 'கோரா' (குதிரை) என்ற கவிதையில் வரும் சொற்கள் இவை. மொஹீனின் குதிரைகள் கார்த்திக் மாத நிலாவொளியில் திறந்தவெளியில் புல் மேய்கின்றன. வங்காளிகளின் கார்த்திக் நம்முடைய ஐப்பசி. கற்காலத்துக் குதிரைகள் இன்னும் புல்லாசையில் இந்த உலகம் என்ற விசித்திரமான டைனமோவின் மேல் மேய்ந்துகொண்டிருப்பது போல, என்று கவிதை போகிறது. பழங்காலத்துக் குதிரையும் மின்சார யந்திரமும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. நாட்டுப்புற மெட்டையும் எலக்ட்ரிக் கிடாரையும் ஒன்றாகச் சேர்க்க நினைத்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமைந்திருக்காது.

பெயரைச் சொன்னவர் குழுவில் இருந்த ரஞ்சன் கோஷால். அதற்கு முன்னால் ஏழு பேர் என்பதால் 'சப்தரிஷி' என்று வைத்துப் பார்த்தார்கள். பிறகு 'தீரந்தாஜ்', அதாவது வில்லாளி. அதுவும் போய் 'கௌதம் சட்டோபாத்யாய் பி.எஸ்சி. ஓ சம்ப்ரதாய்' என்றுகூட ஒரு பெயர் இருந்தது. கடைசியில்தான் குதிரைகள் வந்தன.

குழுவில் யார் யார் இருந்தாங்க? ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு லிஸ்ட் இருக்கே.

கௌதம் சட்டோபாத்யாய் மையம். அவர் பாடினார், எழுதினார், கிடாரும் சாக்ஸபோனும் வாசித்தார். அவருடைய தம்பிகள் இருவர்: பிரதீப் (பேஸ் கிடார், புல்லாங்குழல்), பிஸ்வநாத் (டிரம்ஸ், பேஸ் வயலின்). உறவினரான ரஞ்சன் கோஷால் மேடையில் பேசுவது, வெளியுலகத்தோடு தொடர்பு வைத்துக்கொள்வது போன்ற வேலைகளைப் பார்த்தார். ஆபிரகாம் மஜும்தார் வயலினும் பியானோவும் வாசித்தார். தாபஸ் தாஸ், தபேஷ் பந்தோபாத்யாய் இருவரும் எழுதினார்கள், பாடினார்கள்.

பட்டியல்கள் மாறுவதற்குக் காரணம் எளிது. 1978இல் தபேஷ் விலக, கிடார் வாசிக்க ராஜா பானர்ஜி வந்தார். சிலர் முதல் ஏழு பேரை எழுதுவார்கள், சிலர் ராஜாவையும் சேர்த்து எட்டாக எழுதுவார்கள். இரண்டுமே சரிதான்.

தொடங்கியது 1974ஆ, 1975ஆ?

இரண்டும் எழுதப்படுகின்றன. கூட்டாளிகள் வீட்டில் கூடி வாசிக்க ஆரம்பிப்பது ஒரு நாளில் நடக்கிற காரியமில்லை. நான் 1975 என்றே வைத்துக்கொள்கிறேன். அவர்களே 1995இல் வெளியிட்ட தொகுப்புக்கு 'மறுபடி இருபது ஆண்டுகள் கழித்து' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள், கணக்கு ஒத்துவருகிறது. முடிந்த வருஷத்தில் குழப்பமில்லை: 1981.

மொத்தம் எத்தனை இசைத்தட்டு போட்டாங்க?

மூன்று. 1977இல் 'சங்பிக்ன பாகிகுல் ஓ கொல்கத்தா பிஷயக்', அதாவது கலவரமுற்ற பறவைகளையும் கொல்கத்தாவையும் பற்றி. 1978இல் 'அஜானா உடந்த பொஸ்து', அதாவது அடையாளம் தெரியாத பறக்கும் பொருள். 1979இல் 'திருஷ்யமான் மொஹீனேர் கோராகுலி', கண்ணுக்குத் தெரிகிற மொஹீனின் குதிரைகள். மூன்றிலும் சேர்த்து இருக்கிற பாட்டுகள் பத்தைத் தொடாது.

இந்த எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மொஹீனேர் பாட்டு என்று இன்று பாடப்படுபவற்றில் பெரும்பகுதி இந்தப் பத்துக்குள் வராது. பின்னால் வரும் பல குழப்பங்களுக்கு இதுதான் வேர்.

மேடைக் கச்சேரி எல்லாம் பண்ணினாங்களா?

பண்ணினார்கள், எண்ணிக்கை குறைவு. 1977இல் ஜோகேஷ் மைம் அகாடமி, 1978இல் ஸ்டார் தியேட்டர், 1979இல் மாக்ஸ் முல்லர் பவனும் ரவீந்திர சதனும், 1980இல் செயின்ட் பால் தேவாலய வளாகம், அதே ஆண்டு கொல்கத்தாவின் சர்வதேச ஜாஸ் விழா. இடங்களைப் பார்த்தாலே தெரியும்: நாடக அரங்கு, ஜெர்மன் பண்பாட்டு நிலையம், தேவாலயம், ஜாஸ் விழா. ராக் இசைக்கென்று வங்காளத்தில் மேடையே இல்லாத காலம் என்பதால் கிடைத்த இடத்தில் எல்லாம் நுழைந்திருக்கிறார்கள்.

நிஜமாவே இது ராக்கா? நான் கேட்டேன், வயலினும் புல்லாங்குழலுமா இருக்கு.

நியாயமான சந்தேகம். உறுமும் கிடாரை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இவர்களுடைய தட்டுகளில் பாவுல் பாடகர்களின் மெட்டுப் போக்கு இருக்கிறது, ஜாஸ் ஸ்வரக்கூட்டுகள் இருக்கின்றன, நடுவில் மேற்கத்திய செவ்வியல் வயலின் நுழைகிறது. வங்காளக் கிராமங்களில் ஏக்தாரா என்ற ஒற்றைத் தந்தி வாத்தியத்தை மீட்டி ஊர் ஊராகப் பாடிப்போகும் பாவுல்களைக் கௌதம் வாழ்நாள் முழுக்கத் தேடிப் போனவர். அதனால் 'பாவுல் ஜாஸ்' என்று இந்த இசைக்கு ஒரு பெயரும் உண்டு.

ஆனாலும் ராக் குழு என்று சொல்வதை நான் விடமாட்டேன். அன்றைய வங்காள 'ஆதுனிக் கான்', அதாவது நவீனப் பாட்டு, நம் சினிமாப் பாட்டைப் போலவே வேலைப் பிரிவினையில் ஓடியது. பாடலாசிரியர் ஒருவர், இசையமைப்பாளர் ஒருவர், பாடகர் ஒருவர், பின்னணியில் பெயர் தெரியாத வாத்தியக்காரர்கள். சலில் சௌத்ரி, ஹேமந்த முகர்ஜி, மன்னா டே எல்லோரும் மகத்தான கலைஞர்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 'எங்கள் பாட்டை நாங்களே எழுதி, நாங்களே வாசித்து, ஒரு கூட்டமாக நிற்போம், தட்டின் மேல் குழுவின் பெயர்தான் இருக்கும்' என்பது வேறு வகையான எண்ணம். அது ராக்கிலிருந்து வந்தது. பீட்டில்ஸையும் பாப் டிலனையும் கேட்டு வளர்ந்தவர்களின் எண்ணம்.

இன்னொன்றும் உண்டு. கௌதம் இதற்கு முன் 'தி அர்ஜ்' என்ற குழுவில், கொல்கத்தாவின் பார்க் ஸ்ட்ரீட் உணவகங்களில் ஆங்கிலப் பாட்டுகளை வாசித்தவர். ட்ரிங்காஸ் போன்ற இடங்கள் அப்போது பேர்போனவை. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா உதுப் புடவை கட்டிக்கொண்டு மேற்கத்தியப் பாட்டுப் பாடிப் புகழ்பெற்றதும் அதே ட்ரிங்காஸில்தான். ராக் எப்படி வாசிப்பது என்று கௌதமுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டுதான் வேறு மாதிரி வாசித்தார்.

பாட்டெல்லாம் எதைப் பத்தி? காதல்தானா?

காதலும் உண்டு, ஆனால் காதல் பாட்டுப் புத்தகத்தின் காதல் கிடையாது. முதல் தட்டில் 'ஹாய் பாலோபாஷி' என்று ஒரு பாட்டு. 'ஐயோ, நேசிக்கிறேன்' என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடுகிறவன் தனக்குப் பிடித்ததையெல்லாம் அடுக்கிக்கொண்டே போகிறான்: நிலவில் நாணல் காட்டுக்குள் ஓடுவது, நிழல் விழுந்த மண்பாதையில் நடப்பது, பிகாசோ, புனுவேல், தாந்தே, பீட்டில்ஸ், டிலன், பேத்தோவன், ரவிசங்கர், அலி அக்பர். நகரத்துப் படித்த பையனின் பட்டியல். கேட்கச் சுகமாக இருக்கிறது. அப்புறம் திடீரென்று, வயலிலும் துறைமுகத்திலும் வேர்வை சிந்தி உழைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு எதுவுமே பிடிப்பதில்லை என்கிறான். நல்ல காலமே, பக்கத்தில் வா, எல்லாவற்றையும் சேர்ந்து நேசிக்கலாம் என்று முடிக்கிறான்.

எனக்கு இந்தக் குழுவின் மொத்தக் குணமும் இந்த ஒரு பாட்டில் இருப்பதாகத் தோன்றுகிறது. ரசனையை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை, அந்த ரசனையோடு நிம்மதியாக உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. பிரச்சாரப் பாட்டாக ஆகியிருக்கலாம், ஆகவில்லை. குரலில் கோஷம் இல்லை, ஏக்கம்தான் இருக்கிறது.

மற்றவற்றில் நகரம் நிறைய வரும். மூடுபனித் தூரிகையால் வரைந்த புறநகர் விடியலாகக் கொல்கத்தா மிதந்து வரும் பாட்டு ஒன்று. ஆளில்லாத விமான ஓடுபாதை, சோம்பிக் கிடக்கும் ராடார், பறவைகள் என்று போகும் பாட்டு ஒன்று. விமான நிலையத்தையும் ராடாரையும் வங்காளப் பாட்டுக்குள் கொண்டுவருவது அன்றைக்குப் பெரிய துணிச்சல்.

கௌதம் நக்சலைட்டா இருந்தாராமே, உண்மையா?

ஆமாம். பிரசிடென்சி கல்லூரியில் படித்தவர். 1967இல் நக்சல்பாரியில் எழுந்த கிளர்ச்சி கொல்கத்தாவின் கல்லூரி மாணவர்களைப் பெரிய அளவில் இழுத்தது, அவரையும் இழுத்தது. கைதாகிச் சிறையில் இருந்தார். வெளியே வந்த பிறகு சிறிது காலம் மேற்கு வங்காளத்துக்கு வெளியே, மத்தியப் பிரதேசத்தில் மெடிக்கல் ரெப் வேலை பார்த்தார். திரும்பி வந்த பிறகுதான் குழு உருவாகிறது.

அது எந்த நேரம் என்று பாருங்கள். இயக்கம் நசுக்கப்பட்டிருந்தது, நிறைய இளைஞர்கள் செத்துப்போயிருந்தார்கள், 1975இல் நெருக்கடி நிலை வந்தது. 1977இல் நெருக்கடி நிலை முடிந்து, மேற்கு வங்காளத்தில் இடது முன்னணி ஆட்சிக்கு வந்த அதே ஆண்டில்தான் இவர்களுடைய முதல் தட்டும் வந்தது. மேலே சொன்ன ஏக்கத்துக்கு இந்தப் பின்னணி உண்டு. ஆனால் அவரை 'நக்சல் பாடகர்' என்று சுருக்குவது சரியில்லை. அவருடைய பாட்டில் கட்சி இல்லை.

அப்புறம் ஏன் அப்போ எடுபடல?

முதலில், கேட்பவர்களின் பழக்கம். வங்காளத்தில் பாட்டு என்றால் அது கட்டிக்காக்க வேண்டிய சொத்து. தாகூரின் பாடல்களை எப்படிப் பாடலாம், என்ன வாத்தியம் சேர்க்கலாம் என்று பார்க்க, அவர் நிறுவிய விஸ்வபாரதி பல்கலைக்கழகத்தின் இசைக் குழு ஒன்று இருந்தது. தேபபிரத பிஸ்வாஸ் எவ்வளவு பெரிய ரவீந்திர சங்கீதப் பாடகர்! அவருடைய வாத்திய அமைப்பைக்கூட அந்தக் குழு ஆட்சேபித்து, அவர் மனம்வெறுத்துத் தாகூர் பாட்டுகளைப் பதிவு செய்வதையே நிறுத்தினார். ஒரு மேதைக்கே இந்த நிலை என்றால், டிரம்ஸோடு வந்து ராடாரைப் பாடும் பையன்களை யார் மதிப்பார்கள்?

இரண்டாவது, ஆங்கில ராக் கேட்கிறவர்களுக்கு வங்காளத்தில் ராக் என்பது கொச்சையாகப் பட்டது. வங்காளப் பாட்டுக் கேட்கிறவர்களுக்கு இது பாட்டாகவே படவில்லை. இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருந்தது. அதோடு விளம்பரம், வானொலி என்று பின்னால் நின்று தள்ள யாரும் இல்லை.

அதே காலத்துல நம்ம மதராஸ்ல இப்படி எதுவும் இல்லையா?

கிடார் குழுக்கள் இருந்தன, ஆனால் பாடியது ஆங்கிலத்தில். 1970, 71இல் ஒரு சிகரெட் கம்பெனி நடத்திய 'சிம்லா பீட்' போட்டியில் நாட்டின் பல நகரங்களிலிருந்தும் குழுக்கள் கலந்துகொண்டன. எல்லாமே ஆங்கிலம்தான். தமிழில் மேற்கத்திய வாத்தியங்களுக்கான பசியைச் சினிமா தீர்த்துவைத்தது. 1976இல் 'அன்னக்கிளி'யோடு இளையராஜா வந்தார். பேஸ் கிடாரும் நாட்டுப்புற மெட்டும் பட்டிதொட்டியெல்லாம் ஒன்றாக ஒலிக்க ஆரம்பித்தன. திறமையான கிடார்க்காரருக்குக் கோடம்பாக்கத்தில் வேலை இருந்தது. 1980களில் ஏ.ஆர். ரகுமானும் சிவமணியும் 'ரூட்ஸ்' என்ற குழுவில் வாசித்தார்கள், அவர்களையும் கடைசியில் சினிமாவே எடுத்துக்கொண்டது.

கொல்கத்தாவில் சினிமா இசை அந்த அளவுக்கு எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளவில்லை. அந்த இடைவெளியில்தான் இப்படி ஒரு குழு முளைக்க முடிந்தது என்று நினைக்கிறேன். சினிமாவின் உதவி இல்லாததால் சீக்கிரம் கலைந்தும் போனது.

ஏன் பிரிஞ்சாங்க? சண்டையா?

பெரிய சண்டைக் கதை எதுவும் இல்லை. சம்பாதிக்க வேண்டிய வயது. பாட்டில் வருமானம் இல்லை. ரஞ்சன் பெங்களூரில் விளம்பரத் துறைக்கும் நாடகத்துக்கும் போனார். பிஸ்வநாத் அமெரிக்கா போனார். ஆபிரகாம் கொல்கத்தாவிலேயே மேற்கத்திய இசை கற்பிக்கும் ஆசிரியரானார். கௌதம் சினிமா பக்கம் திரும்பி, 'நாக்மோதி' என்ற படத்தை இயக்கினார். 1983ஆம் ஆண்டின் சிறந்த வங்காளப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது.

1995ல மறுபடி சேர்ந்தாங்களா?

இதைத்தான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். பழைய ஏழு பேர் ஒன்றுகூடிய மறுவருகை கிடையாது அது. 1995 கொல்கத்தா புத்தகக் கண்காட்சியில் 'ஆபார் பொச்சொர் குரி பொரே' என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். பெயர் மறுபடி ஜீவனானந்த தாஸிடமிருந்து எடுத்ததுதான். இருபது ஆண்டு கழித்து அவளை மீண்டும் சந்திக்க நேர்ந்தால், ஒருவேளை ஒரு கார்த்திக் மாதத்தில், நெற்கதிர்களின் பக்கத்தில், என்று தொடங்கும் கவிதை.

தொகுப்பின் மேல் இருந்தது 'மொஹீனேர் கோராகுலி தொகுத்த வங்காளப் பாடல்கள்' என்ற பொருளில் ஒரு வரி. ஒரு பத்திரிகை ஆசிரியரைப் போல, கௌதம் பாட்டுகளைத் தேர்ந்து சேர்த்தார். தன் பழைய பாட்டுகள் சிலவும் புதியவையும் இருந்தன. கூடவே, அப்போது யாருக்கும் தெரியாத இளம் பாடகர்களின், குழுக்களின் பாட்டுகளையும் தன் குழுவின் பெயருக்குக் கீழே வைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் இதே முறையில் 'ஜொரா ஷொமொயேர் கான்', 'மாயா', 'க்யாபார் கான்' என்று மூன்று தொகுப்புகள் வந்தன.

எடுபடாமல் போன ஒரு குழுவின் தலைவர், இருபது ஆண்டு கழித்துத் தன் பழம்பெருமையை நிறுவப் பார்ப்பார் என்றுதான் யாரும் நினைப்போம். இவர் தன்னிடம் இருந்த ஒரே சொத்தான பெயரைப் பிள்ளைகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார். மொஹீனேர் பெயர் இன்றும் வாழ்வதற்கு அந்த மூன்று தட்டுகளைவிட இந்த முடிவுதான் காரணம் என்பது என் உறுதியான எண்ணம். தட்டுகள் மட்டுமே இருந்திருந்தால் சேகரிப்பாளர்களோடு நின்றிருக்கும்.

ஆனா 1977ல எடுபடாதது 1995ல மட்டும் எப்படி எடுபட்டுச்சு?

நடுவில் காது மாறிவிட்டது. 1992இல் சுமன் சட்டோபாத்யாய், பின்னாளில் கபீர் சுமன், 'தோமாகே சாய்' தொகுப்போடு வந்து வங்காளப் பாட்டையே உலுக்கினார். ஒற்றை ஆள், கிடார், நகரத்து வாழ்க்கை. அடுத்தடுத்து நசிகேதா, அஞ்சன் தத் வந்தார்கள். சாதாரணப் பேச்சில் நகரத்தைப் பாடலாம் என்பது கேட்பவர்களுக்குப் பழகிவிட்டது. கேசட் மலிவாகி மாணவர் விடுதி வரை போயிருந்தது. கேக்டஸ், சந்திரபிந்து போன்ற குழுக்கள் முளைத்திருந்தன. தங்களுக்கு ஒரு மூத்த தலைமுறை உண்டு என்று அந்தப் பிள்ளைகளுக்கு 1995 தொகுப்பு காட்டியது.

'பிரிதிபிடா நாகி' பாட்டு என்ன சொல்லுது?

1995 தொகுப்பின் மிகப் புகழ்பெற்ற பாட்டு, கௌதம் எழுதி மெட்டமைத்தது. உலகம் சின்னதாகிக்கொண்டே வந்து, சாட்டிலைட்டும் கேபிளும் கையில் பிடிக்க, வரவேற்பறையில் இருக்கும் முட்டாள் பெட்டிக்குள் கைதாகிவிட்டதாமே என்று தொடங்குகிறது. வீட்டில் உட்கார்ந்தே எல்லாம் கைக்கு எட்டுகிறது. ஆனால் நட்சத்திரங்கள் ஒளியாண்டுக் கணக்கில் விலகி இருப்பதுபோல நீயும் நானும் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போகிறோமே, யோசித்துப் பார்த்தாயா என்று கேட்கிறது.

அந்தக் காலத்தை நம்மவர்களுக்கு எளிதாக விளங்கவைக்கலாம். இங்கே சன் டிவி தொடங்கியது 1993இல். தெருவெல்லாம் கேபிள் வயர் தொங்க ஆரம்பித்த அதே ஆண்டுகள். கேபிள் என்ற சொல்லுக்குப் பதிலாகக் கைப்பேசி என்று போட்டால் பாட்டு இன்றைக்கு எழுதியதுபோல இருக்கும்.

அப்போ 'பீகி பீகி' காப்பியா?

மெட்டு 'பிரிதிபிடா நாகி'யின் மெட்டுதான். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் யாருக்கும் விளங்கும். இசையமைப்பாளர் பிரீதம், அவரும் வங்காளி. சொற்கள் முற்றிலும் வேறு, இந்தியில் அது பிரிவுத் துயரமாகிவிட்டது. பாடியவர் ஜேம்ஸ், வங்கதேசத்தின் 'நகர் பாவுல்' ராக் குழுவின் பாடகர்.

எனக்கு இதில் ஒரு மகிழ்ச்சியும் ஒரு வருத்தமும் உண்டு. கொல்கத்தாக்காரர் போட்ட மெட்டை டாக்காவின் ராக் பாடகர் பாட, இந்தியா முழுக்கக் கேட்டது என்பது மகிழ்ச்சி. அவ்வளவு பேரில் மூலப் பாட்டைத் தேடிப் போனவர்கள் குறைவு என்பது வருத்தம். படம் வந்தபோது கௌதம் உயிரோடு இல்லை.

முதல் வங்காள ராக் குழு இவங்கதான்னு அடிச்சுச் சொல்றாங்களே, சரியா?

'இந்தியாவில்' என்ற சொல்லைச் சேர்த்துச் சொன்னால் பெரிதாக யாரும் மறுக்கமாட்டார்கள். அதை விட்டுவிட்டுச் சொன்னால் டாக்காவில் சண்டைக்கு வருவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. 1971 விடுதலைப் போரில் துப்பாக்கி ஏந்திய ஆசாம் கான், போர் முடிந்த கையோடு தன் 'உச்சாரண்' குழுவோடு வங்காளத்தில் பாப், ராக் பாடத் தொடங்கிவிட்டார். அங்கே அது உடனே மக்களிடம் போய்ச் சேர்ந்தது. புதிதாகப் பிறந்த நாட்டில், புதிய பாட்டுக்கு எதிர்ப்பு குறைவாக இருந்திருக்கலாம். கொல்கத்தாவில் என்ன நடந்தது என்பதை மேலே 'ஏன் எடுபடல' என்ற கேள்வியில் பாருங்கள்.

கௌதம் எப்படி இறந்தார்? குழு இப்போ இருக்கா?

1999 ஜூன் 20 அன்று, ஐம்பதை ஒட்டிய வயதில், மாரடைப்பால் இறந்தார். கடைசி ஆண்டுகளில் அசாமின் கார்பி மக்களிடையே பாட்டும் படமுமாக வேலை செய்துகொண்டிருந்தார். ரஞ்சன் கோஷால் 2020இல் காலமானார். மேடைகளில் பழைய பாட்டுகளைக் கடைசி வரை பாடிவந்த தாபஸ் தாஸ் 2023இல் புற்றுநோயால் காலமானார்.

குழு என்று இப்போது எதுவும் இல்லை. கௌதமின் மகன் கௌரவ் 'லொக்கிச்சாரா' என்ற குழுவின் டிரம்ஸ் கலைஞர்.

வங்காளம் தெரியாது. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

'பிரிதிபிடா நாகி'யில் ஆரம்பியுங்கள், மெட்டு ஏற்கெனவே பழகியது. அடுத்து 'ஹாய் பாலோபாஷி'. மேலே சொன்ன பட்டியலில் பிகாசோ, டிலன் பெயர்கள் மொழி தெரியாமலே காதில் பிடிபடும். அப்புறம் 1977 தட்டின் மற்ற பாட்டுகள். ஒலிப்பதிவு பழையது, கொஞ்சம் மங்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வயலின் நுழையும் இடங்களைக் கவனியுங்கள். பாவுல் பாட்டைத் தனியாகக் கொஞ்சம் கேட்டுவிட்டு வந்தால் குரலின் இழுப்பு எங்கிருந்து வந்தது என்று புரியும்.

இணையத்துல மொஹீனேர்னு போட்டிருக்கிற பாட்டெல்லாம் அவங்களோடதுதானா?

இல்லை. இவர்களைப் பற்றிய குழப்பங்களில் பாதிக்கு மேல் இதுதான். 1995 முதல் வந்த நான்கு தொகுப்புகளிலும் பலருடைய பாட்டுகள் ஒரே பெயரின் கீழ் வந்ததால், இணையம் எல்லாவற்றையும் ஒரே குழுவின் கணக்கில் எழுதிவிட்டது. உருகும் தார்ச்சாலை வெயிலில் மழையின் நம்பிக்கையை உனக்குத் தந்தேன் என்று சொல்லும் 'தோமாய் திலாம்' அருமையான பாட்டு, கல்லூரி விழாக்களில் இன்றும் பாடப்படுவது. அது அந்தத் தொகுப்புக் காலத்துப் பாட்டு, 1970களின் குழு பதிவு செய்தது கிடையாது.

ஆகவே மூன்று வகையாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. 1977 முதல் 1979 வரையிலான தட்டுகளில் இருப்பவை குழுவின் சொந்தப் பதிவுகள். கௌதம் எழுதி 1995 முதல் வந்தவை அவருடைய பாட்டுகள், குழு மட்டும் பழைய குழு இல்லை. மூன்றாவது, அவர் தேர்ந்து சேர்த்த மற்றவர்களின் பாட்டுகள். ஒரு பாட்டு எந்த வகை என்று சந்தேகம் வந்தால் எந்தத் தொகுப்பில் முதலில் வந்தது என்று பாருங்கள், பிறகு எழுதியவர் பெயரையும் பாடியவர் பெயரையும் தேடுங்கள். பகிரும்போது அந்தப் பெயர்களையும் சேர்த்துப் போடுங்கள். அவர்களை நாலு பேருக்குத் தெரியவைக்கத்தான் கௌதம் அந்தத் தொகுப்புகளையே போட்டார்.